மறு: ‘ஆர்ஃபிட்’ – பெற்றோர் வினாப்படிவத்துக்கு ஏற்ற சொல் எது?

அன்புள்ள குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். ‘ஆர்ஃபிட்’ என்ற உண்ணல் கோளாற்றுக்கும், அதைக் கண்டறியப் பெற்றோர் நிரப்பும் வினாப்படிவத்துக்கும் ஏற்ற தமிழ்ச் சொல் எது என்ற நம் உரையாடலில், அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘ரெஸ்ட்ரிக்டிவ்’ என்ற சொல்லைப் பற்றி வந்த இரு கருத்துகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

> ‘ரெஸ்ட்ரிக்டிவ்’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ என்ற சொல் நெடுநாளாக வழக்கில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்க வேண்டுமா? ‘உணவுத் தவிர்ப்பு/கட்டுப்பாட்டுக் கோளாறு’ என்பதே போதுமே.

ஐயா, தாங்கள் பரிந்துரைத்த சொல்லைத்தான் எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவும் முதலில் எடுத்துக்கொண்டது. அதை ஏன் கைவிட நேர்ந்தது என்பதைச் சொல்லவே இம்மடலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவத் துறை சாராத உறுப்பினர்களுக்காக முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, உளநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில்தான் ‘அவாய்டன்ட் ரெஸ்ட்ரிக்டிவ் ஃபுட் இன்டேக் டிஸ்ஆர்டர்’ (சுருக்கமாக ‘ஆர்ஃபிட்’) என்ற பெயர் இடம்பெற்றது. அதற்கு முந்தைய பதிப்பில் ஆறு வயதுக்குள் தொடங்கும் ஊட்டல் கோளாறாக மட்டுமே வகுக்கப்பட்டிருந்த அது, இப்பதிப்பில் வயது வரம்பு நீங்கி விரிவடைந்தது. 2022 முதல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்வகைப் பட்டியலும் இதே பெயரை ஏற்றிருக்கிறது. உணவின் மணம், நிறம், பதம் ஆகியவற்றைத் தாங்க முடியாமை, உண்பதில் நாட்டமே இல்லாமை, புரையேறும் அல்லது வாந்தி வரும் என்ற அச்சம் ஆகிய மூன்றில் ஒன்றாலோ பலவாலோ குழந்தையின் உணவு குறைகிறது. உடல் பருத்துவிடும் என்ற கவலை இதில் இல்லை. வறுமையால் உணவு கிடைக்காததும், நோன்பு போன்ற பண்பாட்டு வழக்கங்களும் இந்நோயில் சேரமாட்டா.

இதை முதற்கட்டமாகக் கண்டறிய உதவும் படிவங்களுள் ‘நியாஸ்’ என்பது ஒன்பது வினாக்கள் கொண்டது. மேற்சொன்ன மூன்று காரணங்களுக்கும் மும்மூன்று வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். பெற்றோர் நிரப்புவதற்கான வடிவமும் அதற்கு உண்டு.

எங்கள் முதல் வரைவில் ஒரு வினா, ‘என் குழந்தை உணவில் கட்டுப்பாடு காட்டுகிறது’ என்ற போக்கில் அமைந்திருந்தது. குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவொன்றில் எட்டு வயதுச் சிறுவனின் தாய்க்கு அதை வாசித்துக் காட்டினேன். “அந்த விஷயத்துல ரொம்பக் கட்டுப்பாடுங்க, கடைப் பண்டம் எதையும் தொடவே மாட்டான்” என்று முகமலர்ச்சியோடு சொன்னார். சற்று நேரத்தில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தாளிக்காத வெறும் தயிர்ச்சோறு. கரண்டியில் ஒட்டிவந்ததோ என்னவோ, அதில் ஒரேயொரு கடுகு இருந்தது. சிறுவன் அதைப் பார்த்ததும் மூடியை எடுத்து டப்பாவை மூடிவிட்டான். தாய் நகத்தால் அந்தக் கடுகை எடுத்தெறிந்து காட்டிய பிறகும் அவன் கை நீட்டவில்லை. அவ்வினாவுக்கு அந்தத் தாய் மிக உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் குறித்திருந்தார்; ஆனால் மகனின் துன்பத்துக்காக அன்று, ஒழுக்கத்துக்காக.

தமிழில் ‘உணவுக் கட்டுப்பாடு’ என்பது சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் நல்லுரை. அந்தச் சொல்லில் மனவுறுதி இருக்கிறது, பாராட்டு இருக்கிறது. இக்குழந்தைகளோ எதையும் கட்டுப்படுத்தவில்லை. உண்ணக்கூடியவற்றின் எல்லை அவர்களை மீறிச் சுருங்கிப்போகிறது. இதைவிடக் கவலை தருவது, இப்பிழையை மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வழக்கமான முறை கண்டுபிடிக்காது என்பதுதான். தமிழ் வரைவை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது, ‘கட்டுப்பாடு’ பிசகின்றி ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்’ என்றே திரும்பும். மூலத்தோடு ஒப்பிடுபவர் நிறைவோடு ஒப்பமிடுவார்.

சொல்லைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் கோச்சிப் பகுதியில் நான்கு முதல் ஏழு வயது வரையிலான 3,728 குழந்தைகளின் பெற்றோரிடம் வினாப்படிவம் வழியாக நடத்திய ஆய்வில் 1.3 விழுக்காட்டினருக்கு இந்நோய்க்குரிய நிலை தென்பட்டது. அவர்களுள் பாதிப்பேர் உளநிலை, சமூக வாழ்க்கை ஆகியவற்றில் ஏற்பட்ட பாதிப்பை மட்டுமே கொண்டு அடையாளம் காணப்பட்டவர்கள். எடை பார்க்கும் கருவி அத்தகைய குழந்தைகளைக் காட்டிக்கொடுக்காது. பெற்றோர் சொல்வதுதான் வழி. அவர்கள் சொல்வதோ நாம் கேட்கும் சொல்லைப் பொறுத்தது.

> ‘உண்டிச் சுருக்கம்’ என்பது செவ்விய தமிழாக இருக்கிறதே?

செவ்விய தமிழ்தான் அம்மா, அதனால்தான் அஞ்சுகிறேன். ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு’ என்று கொன்றை வேந்தனில் ஔவையார் சொன்னதைப் பள்ளியில் ஒப்பித்த தலைமுறைகளின் காதில் அச்சொல் அழகாகவே ஒலிக்கும். ஒரு சிறுமி உண்ணாமல் இளைப்பதை அடக்கமாக எண்ணிக்கொள்ளும் வீடுகள் இன்றும் இருக்க, நோயின் பெயரும் அதற்குத் துணைபோகக் கூடாது. ‘ஒறுத்தல்’ நோன்பைக் குறிக்கும். ‘பசியின்மை’ என்பதை அனோரெக்சியா என்ற வேறொரு நிலைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘ஒவ்வாமை’ அலர்ஜிக்குப் போய்விட்டது. ‘ஒதுக்கம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் பெயராக நிற்கும்போது ‘உணவு ஒதுக்கீடு’ என்ற ரேஷன் கடை நினைவைத் தருகிறது.

நான் முன்வைப்பது ‘குறுக்கம்’. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்த சொல் அது. தனித்து நிற்கும்போது இரண்டு மாத்திரை ஒலிக்கும் ஐகாரம் ‘தலைவன்’ என்பதன் இடையில் ஒரு மாத்திரையாகக் குறைவது அதன் விருப்பத்தாலும் அன்று, குற்றத்தாலும் அன்று. அது நிற்கும் இடம் அதைக் குறுக்குகிறது. இக்குழந்தைகளின் நிலையைச் சொல்ல இதைவிட நேர்மையான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் ‘உணவுக்குறுக்கம்’ என்று ஆக்கினால், உணவுக்குழாய் ஒடுங்கும் நோயைக் குறிக்கும் ‘உணவுக்குழாய்க் குறுக்கம்’ என்பதோடு மருத்துவக் குறிப்பில் குழம்பக்கூடும். ஆகவே முழுப்பெயர் ‘தவிர்ப்பு–குறுக்க உண்ணல் கோளாறு’ என்றும், சுருக்கப்பெயர் ‘உண்ணற்குறுக்கம்’ என்றும் இருக்கலாம்.

இந்தப் பெயர் மருத்துவரின் குறிப்புக்கும் கட்டுரைக்கும் உரியது. வினாப்படிவத்தில் எந்தக் கலைச்சொல்லும் வரத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ‘ஒதுக்கு’ என்ற வினை அங்கேதான் வாழ வேண்டும்: ‘தட்டில் வைப்பதில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடுவான்/ள்’ என்றால் எந்தத் தாய்க்கும் விளங்கும். ‘அடம்பிடிப்பான்’ என்று எழுதினால் குழந்தையைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். ‘கட்டாயப்படுத்தி உண்ண வைக்க வேண்டியிருக்கிறது’ என்ற வகை வினாவுக்கு, நடந்துகொண்டே ஊட்டிவிடும் நம் வீடுகளில் ஏறத்தாழ எல்லோரும் ஆம் என்பார்கள். அங்கே ‘அவன் வயதுப் பிள்ளைகளைவிட’ என்ற ஒப்பீட்டைச் சேர்த்தாக வேண்டும். விடைகளிலும் ‘உடன்படவில்லை’ என்பதை விட்டு ‘பொருந்தாது’ என்று வைப்பது நல்லது. ‘ஆர்வம் இல்லை’ என்ற கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் சொல்வதில் பலர் தடுமாறியதைப் பார்த்தேன்.

இன்னும் முடிவாகாதவை இரண்டு வினைகள். தென்மாவட்டத்தார் ‘ஓங்கரிக்கிறான்’ என்பதை ஈழத்தார் ‘ஓங்காளிக்கிறான்’ என்கிறார்கள். ‘குமட்டுகிறது’ என்பது இரு சாராருக்கும் புரிந்தாலும், கண்ணுக்குத் தெரியும் அந்தச் செயலைச் சொல்லாமல் உள்ளுணர்வை மட்டும் சொல்கிறது. மற்றொன்று, சோற்றை விழுங்காமல் கன்னத்தில் ‘அதக்கி’ வைத்துக்கொள்வது. இவ்விரு சொற்களையும் தத்தம் வீட்டில் சிறு குழந்தையை வளர்ப்பவர் ஒருவரிடம் விளக்கம் தராமல் வாசித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே, ஊர்ப் பெயரோடு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.