ஞானப்பல் ஆய்வு: இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுவை செய்யலாமா?

கேள்வி: முதுநிலை மாணவி, வாய் முகத்தாடை அறுவைச் சிகிச்சைத் துறை

அனைவருக்கும் வணக்கம். கீழ்த்தாடையில் புதைந்துள்ள ஞானப்பற்களை எடுத்தபின் வரும் வீக்கத்தை, அறுவைக்கு முன் சளிச்சவ்வின் அடியில் செலுத்தும் 4 மி.கி. டெக்சாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து) எவ்வளவு குறைக்கிறது என்பதே என் ஆய்வேட்டின் பொருள். இருபுறமும் ஒரே அளவில் பல் புதைந்திருப்பவர்களைச் சேர்த்து, ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் சலைனும் (மருந்தற்ற உப்புநீர்) கொடுக்கும் ஸ்பிளிட்-மவுத் முறையைத் தேர்ந்திருக்கிறேன். முதல் பல்லை எடுத்தவர்கள் இரண்டாவதற்குத் திரும்பி வருவதில்லை என்பதால், இரண்டையும் ஒரே அமர்வில் முடித்துவிடுமாறு துறையில் சொல்கிறார்கள். இது சரிதானா? நெறிமுறைக் குழுவின் முன் இதை எப்படி நியாயப்படுத்துவது?

மறுமொழி 1: அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர், ஓய்வு

ஒரே அமர்வு வேண்டாம். டெக்சாமெத்தசோனை ஈறுப் பகுதியில் செலுத்தினாலும் அது அங்கேயே தங்கிவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. அதன் செயல்பாடு ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கிறது. வலப்பக்கம் கொடுத்த மருந்து இடப்பக்க வீக்கத்தையும் சேர்த்தே குறைக்கும்போது, சலைன் பக்கம் ஒப்பீட்டுப் பக்கமாகவே இருக்காது. மருந்து நன்றாக வேலை செய்தாலும், இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை என்றுதான் உங்கள் முடிவு வரும்.

இதைவிட எளிய தடை ஒன்றும் உண்டு. வீக்கத்தைப் பக்கவாரியாக அளக்கலாம். ஆனால் வாய் திறக்கும் அளவு மனிதருக்கு ஒன்றுதான். இருபுறமும் அறுத்த பிறகு, மேல் கீழ் வெட்டுப் பற்களுக்கு இடையே 22 மி.மீ. மட்டுமே திறக்கிறது என்றால், அதை எந்தப் பக்கத்தின் கணக்கில் எழுதுவீர்கள்? நோயாளி விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கைக்கும் இதே கதிதான்.

ஆகவே இரண்டு அறுவைக்கும் இடையே குறைந்தது நான்கு வார இடைவெளி விடுங்கள். எந்தப் பக்கத்துக்கு மருந்து என்பதைப் போலவே, எந்தப் பக்கம் முதலில் என்பதையும் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். முதல் அறுவையைக் கடந்து வந்தவர் இரண்டாவதின் வலியை அதே மதிப்பெண்ணால் குறிப்பதில்லை. வரிசையைக் குலுக்காவிட்டால் அந்த வேறுபாட்டை மருந்தின் விளைவாகப் படித்துவிடுவோம்.

மறுமொழி 2: விரிவுரையாளர்

அளவீடு பற்றி மட்டும் சொல்கிறேன், பல ஆய்வேடுகள் சறுக்குவது அங்கேதான். காதின் டிரேகஸிலிருந்து (காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு குருத்தெலும்பு மேடு) வாயோரம், டிரேகஸிலிருந்து முகவாய் முனை, கண்ணின் வெளிமுனையிலிருந்து தாடைக் கோணம் என மூன்று கோடுகளை நாடாவால் அளப்பது வழக்கம். வீக்கம் வந்தபின் தாடைக் கோணத்தை விரலால் தடவிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், அறுவைக்கு முன்பே தோலில் மார்க்கரால் புள்ளியிட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பற்கள் கடித்த நிலையில், நாடா தோலின் வளைவை ஒட்டி, ஆனால் அழுத்தாமல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் இருமுறை அளந்து சராசரி எடுங்கள். வீக்கம் உச்சத்தில் இருப்பது 48 முதல் 72 மணி நேரத்துக்குள் என்பதால், இரண்டாம் நாள் அளவைத் தவறவிட்டால் ஏழாம் நாள் அளவு அதை ஈடு செய்யாது.

அளப்பவர் அறுவை செய்தவராக இருக்கக் கூடாது. இரு திரவங்களும் நிறமற்றவை என்பது உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு: ஆய்வில் தொடர்பில்லாத செவிலியர் 1 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி எண் மட்டும் ஒட்டித் தந்தால், அறுவை செய்பவருக்கும் தெரியாது. மறவாமல் வலிக்கு இரு முறையும் பாராசிட்டமாலையே கொடுங்கள். இபுபுரூஃபன் தானே வீக்கத்தைக் குறைக்கும் மருந்து.

மறுமொழி 3: புள்ளியியல் ஆலோசகர்

ஸ்பிளிட்-மவுத் முறையின் கவர்ச்சி எண்ணிக்கைதான். ஒருவரின் இரு பக்க வீக்கத்துக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) 0.5 என்றால், இரு தனிக்குழு ஆய்வுக்குத் தேவைப்படும் மொத்த ஆட்களில் நான்கில் ஒரு பங்கே போதும். ஆனால் அந்தச் சிக்கனம், ஒருவரின் இரு பக்கத்தையும் ஜோடியாக ஒப்பிடும் இணைச்சோதனை செய்தால்தான் கிடைக்கும். தரவு சேர்த்தபின் இரு பக்கத்தையும் தனித்தனி ஆட்களாகப் பாவித்துச் இரு தனிக்குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி-சோதனை போடும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன, எப்படித் தேர்வாளர் கண்ணில் படுவதில்லை என்பது எனக்குப் புதிர். உலர் குழி (பல் எடுத்த குழியில் இரத்தக்கட்டு நீங்கி வலிப்பது) போன்ற, உண்டு அல்லது இல்லை என்று மட்டும் பதிவாகும் விளைவுகளுக்கு, ஜோடித் தரவுக்கான மெக்நிமார் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

திரும்பி வராதவர்கள் அதிகம் என்பது உங்கள் துறையின் உண்மையான அனுபவம் என்றால், நான் இம்முறையையே கைவிடச் சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் முடித்தவரின் தரவு இணைச்சோதனையில் பயன்படாது. சலைன் கிடைத்து அதிகம் வீங்கியவர்களே வராமல் போனால் மீதித் தரவும் ஒருசார்பாகிவிடும். இருபுறமும் ஒரே அளவில் புதைந்த பற்கள் உள்ளவர்களை மட்டும் தேடுவதைவிட, ஒரு பல் மட்டும் எடுக்க வந்தவர்களை இரு குழுக்களாகப் பிரிப்பது உங்கள் மூன்றாண்டு முதுநிலைப் படிப்புக்குள் நடக்கும் காரியம்.

மாணவி

மிக்க நன்றி. எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருபுறப் பல் உள்ளவர்களே அதிகம். இரு தனிக்குழு முறைக்கு மாற்றிக்கொள்கிறேன். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவகம்) பதிவைத் தரவு சேகரிப்பின் நடுவில் செய்யலாமா?

மறுமொழி 2: விரிவுரையாளர்

முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் விண்ணப்பித்த ஆய்வுகளையே அங்கே ஏற்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தை அதில் இணைக்க வேண்டும். எனவே புதிய வடிவமைப்பைக் குழுவிடம் திருத்தமாகச் சமர்ப்பித்து, ஒப்புதல் பெற்று, பதிவெண் கைக்கு வந்த பிறகே முதல் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்குங்கள்.