ஜேம்ஸ் ஐரெடெலின் கடிதங்கள்: குடும்பக் கடிதம் எது, அலுவல் கடிதம் எது?

கேள்வி

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவரும், 1790-ல் வாஷிங்டனால் நியமிக்கப்பெற்று 1799-ல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தவருமான ஜேம்ஸ் ஐரெடெலைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். அவருடைய கடிதங்களைப் படிக்கும்போது, மனைவி ஹன்னாவுக்கு எழுதியவற்றை ஒரு கோப்பிலும், ஜான் ஜே முதலிய சக நீதிபதிகளுக்கு எழுதியவற்றை இன்னொரு கோப்பிலும் சேர்த்து வந்தேன். சாமுவேல் ஜான்ஸ்டனிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் ஹன்னாவின் தமையன். ஐரெடெலுக்குச் சட்டம் கற்பித்தவர். வட கரோலினாவின் ஆளுநராகவும் பின்னர் செனட்டராகவும் இருந்தவர். அவருடன் நடந்த கடிதப் போக்குவரத்தை எந்தக் கோப்பில் வைப்பது? என் கட்டுரை நீதித்துறையைப் பற்றியதுதான் என்பதால் ஹன்னாவின் கடிதங்களை விட்டுவிடலாமா?

மறுமொழி

விட்டுவிட்டால் கட்டுரையின் பாதி போய்விடும். 1789-ம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேரும் ஆண்டுக்கு இருமுறை மாநிலங்களுக்குச் சென்று வட்ட நீதிமன்றங்களில் அமர வேண்டியிருந்தது. ஐரெடெலுக்கு வாய்த்தது தெற்கு வட்டம், அதாவது இரு கரோலினாக்களும் ஜார்ஜியாவும். 1791-ல் சக நீதிபதிகளுக்கு எழுதும்போது இந்த அலைச்சலை அவர் ஒரு வழக்கறிஞரைப் போல வாதிடுகிறார்: சுமை சமமாகப் பகிரப்பட வேண்டும், ஒருவரையே ஒரே வட்டத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது நியாயமாகாது என்று. சுமை எவ்வளவு என்பதை அறிய அவர் வீட்டுக்கு எழுதியவற்றைத்தான் பார்க்க வேண்டும். 1792-ல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஒரு நீதிபதியை அவருடைய சம்மதமின்றி மீண்டும் அதே வட்டத்துக்கு அனுப்பாதபடி விதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதிகள் அனைவரும் சேர்ந்து குடியரசுத் தலைவருக்கே முறையிட்டார்கள். அந்த முறையீட்டின் பின்னணியை ஹன்னா இல்லாமல் எழுத முடியாது என்பது என் துணிபு.

மறுமொழி

உடன்படுகிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் படிப்பது 1857, 1858 ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு தொகுதிகள் என்றால், அவற்றைத் தொகுத்த மக்ரீ ஐரெடெலின் பேத்தியை மணந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுப் பெரியவரின் கடிதங்களை வீட்டு மருமகன் அச்சுக்குக் கொண்டுவரும்போது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற தயக்கம் இயல்பாகவே வரும். ஐரெடெல் அடிமைகளை வைத்திருந்தவர். அச்சுத் தொகுதியை மட்டும் நம்பி அந்த வீட்டின் அன்றாட வாழ்வை எழுதாதீர்கள். முடிந்தவரை கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜான்ஸ்டனைப் பொறுத்தவரை, கோப்புகளே தேவையில்லை என்பேன். ஒரே தாளில் செனட்டின் செய்தியும் தங்கையின் உடல்நலமும் அடுத்தடுத்து வரும்போது, கத்தரிக்கோலை எங்கே வைப்பீர்கள்?

மறுமொழி

தாள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1792-ன் அஞ்சல் சட்டப்படி ஒரு தாள் கடிதத்துக்கு 30 மைலுக்குள் 6 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் கட்டணமும் இரட்டிப்பு. பெரும்பாலும் பெறுபவரே பணம் கொடுப்பார். உறை கிடையாது, தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். ஆகவே அக்காலக் கடிதங்களில் ஓரங்களிலும் நெருக்கிய எழுத்து இருந்தால், அதை மனக்கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; சிக்கனமாகவும் இருக்கலாம். ஊருக்குத் திரும்பும் நண்பர்கள் கையில் கொடுத்தனுப்பும் பழக்கமும் இருந்தது; அப்படிப்பட்டவை அஞ்சலில் சென்றவற்றை முந்திக்கொண்டு சேர்ந்திருக்கவும் கூடும்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இரு கோப்புகளையும் கலைத்து, தேதியையும் எழுதிய ஊரையும் வைத்து அடுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: மே மாதக் கடிதம் ஒன்றில் ‘28 அல்ட்’ தேதியிட்ட கடிதம் கிடைத்தது என்றிருக்கிறது. அது எந்த மாதம்?

மறுமொழி

ஏப்ரல் 28. ‘அல்ட்’ என்றால் சென்ற மாதம், ‘இன்ஸ்ட்’ என்றால் நடப்பு மாதம். ஐரெடெல் எந்த ஊரில் இருந்தபோது அந்தக் கடிதம் கைக்கு வந்தது என்பதையும் அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.