தெரு உயர உயரக் கடைப்படி காணாமல் போகிறது: பழைய தெருக்களில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

குவீன் ஸ்திரீட் மளிகைக்காரர்

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் குவீன் ஸ்திரீட் பக்கம் ஒரு மளிகைக் கடை. மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரத்தில். அஞ்சடியிலிருந்து (கடைக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) தெருவுக்கு இறங்கக் கருங்கல் படி உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மூன்று படி. கடைசிப் படியில் உட்கார்ந்துதான் சப்பாத்துக் கயிறு கட்டுவேன். இன்றைக்கு ஒரே படிதான் கண்ணில் படுகிறது. மற்ற இரண்டும் எங்கேயும் போகவில்லை, தாருக்கு அடியில் இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததில் தெரு உயர்ந்துவிட்டது, கடை பள்ளமாகிவிட்டது.

மழை அடித்துப் பெய்தால் தண்ணீர் சாக்கடைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் அஞ்சடிக்குத்தான் வருகிறது. சுவரின் அடிப்பகுதி இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. அதை மறைக்க நாங்களும் ஒருமுறை சிமெண்ட் பூசினோம். அது பெரிய தப்பு. இந்தக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். இரண்டே வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

இந்தத் திரியைத் தொடங்கக் காரணம் போன மாதம் நடந்த சம்பவம். விடியற்காலையில் சாமான் இறக்க வந்த லோரி பின்னால் எடுக்கும்போது பக்கத்துக் கடைத் தூணில் இடித்துவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை, 'பொத்' என்று மட்டும். போய்ப் பார்த்தால் தூணின் மூலை ஒரு தேங்காய் அளவுக்குப் பெயர்ந்து, உள்ளே இருந்த செங்கல் தெரிந்தது. விரலால் தொட்டேன், மஞ்சள்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டது. அவ்வளவு மெத்து. பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் சொன்னது: "ஒரு தடவை இடித்ததைக் கட்டிவிடலாம். தினமும் அதிர்வதை என்ன செய்வது?"

சரி, தெருவையே மூடிவிடலாமா என்றால் அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் 1833இல் எழுந்தது. அந்தப் பக்கம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. மூன்றுக்கும் தினமும் ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை முட்டிவலியோடு வரும் கிழவிகளைத் தெருமுனையில் இறக்கி விட்டு நடக்கச் சொல்ல முடியுமா? வாசல் வரை கார் வரட்டும், ஆளை இறக்கிவிட்டுப் போகட்டும். கனரக லோரிதான் கூடாது. சாமானைச் சின்ன வேனில் கொண்டு வரலாம். தார் போடுவதற்கு முன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது மையப் பகுதியும் அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையமுமாக 259.42 ஹெக்டர் என்று வரையறுத்தார்கள். கட்டடத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று வரைக்கும் பேசுகிறோம். தெருவின் மட்டத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா

அண்ணே, எங்கள் ஊர்க் கதை வேறு மாதிரி. செயிண்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் கல்வெட்டு இருக்கிறது. ஒரு பெரிய பாறை, அதில் பல்லவ எழுத்தில் சமஸ்கிருதம். 1845இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்துப் பதிவு செய்தது. பினாங்கு மாநிலத்தில் இவ்வளவு பழைய எழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

ஜூலை 26 திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். சின்ன வயதில் பாட்டி என்னை அந்தப் பாறைக்குக் கூட்டிப்போய், "தொடாதே, எழுத்து தேய்ந்துபோகும்" என்பார். எழுத்து ஏற்கெனவே மங்கல்தான். சாய்ந்த வெயிலில், பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். நேருக்கு நேர் நின்றால் வெறும் பாறை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் வந்தாலும் கார்கள் தள்ளியே நிற்கின்றன. பாறைக்கு நடந்துதான் போகிறோம். யாரும் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுங்கைப் பட்டாணியில் பிறந்து பட்டர்வொர்த்தில் இருப்பவன்

நான் சொல்வது இரண்டு பேருக்கும் கொஞ்சம் எதிராகப் படலாம். சாலை ஆபத்து என்கிறோம். சாலையே போகாத இடத்தில் என்ன ஆனது தெரியுமா?

2013 கடைசியில் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயில் இடிபாட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வீடு கட்ட நிலம் சமன் செய்தவர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத இடம். இடித்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. ராஜேந்திர சோழனின் கடாரம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நாம், அதே மண்ணில் இருந்த ஒரு கோயில் அடித்தளத்தைப் பாதுகாக்கத் தவறினோம். பக்கத்து ஊரில் வளர்ந்த நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மெர்போக் அருங்காட்சியகத்தில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பாருங்கள். 1960இல் திரும்பக் கட்டி நிறுத்தியது. நல்ல சாலை இருக்கிறது, காரைக் கீழே நிறுத்திவிட்டு மேலே நடந்து ஏறுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், காவலுக்கு ஆள் இருக்கிறார். அங்கே ஒரு கல் அசைந்தாலும் யாராவது கேட்பார்கள். அதனால் வழி வேண்டும். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

குவீன் ஸ்திரீட் மளிகைக்காரர்

தம்பி, நீங்கள் சொல்வது எதிராக இல்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து செட்டியார் வெள்ளித் தேர் தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894இல் வந்த தேர். தெரு இல்லையென்றால் தேர் ஏது? அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டிய அதே இடத்தில் நின்று என் பேரன் பார்க்கிறான்.

நேற்றுக் கடையைச் சாத்திய பிறகு அளவுநாடா வைத்து அளந்தேன். மிச்சமிருக்கும் படி தார் மட்டத்துக்கு மேல் 9 சென்டிமீட்டர். பழைய கடைவீடுகளில் இருக்கிறவர்கள் உங்கள் வாசலையும் அளந்து இங்கே போடுங்கள். அப்பா காலத்துப் புகைப்படம் இருந்தால், படி எத்தனை தெரிகிறது என்று எண்ணி அதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த தடவை தார் போட ஆட்கள் வருவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.