ஃபைப்ராய்டு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

தேன்சிட்டு:
வயது 43. போன வாரம் ஸ்கேனில் கர்ப்பப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் தெரிந்தன. சாதாரணக் கட்டிதான் என்றார் டாக்டர், நானும் விட்டுவிட்டேன். ஆனால் தெரிந்தவர் ஒருவர், "அங்கே கட்டி இருந்தால் மார்பிலும் வரும், இரண்டுக்கும் தீனி ஒன்றுதான்" என்றார். மார்பு என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உண்மையா?

பகல்நிலா:
அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது தோழி. ஃபைப்ராய்டை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு பெண் ஹார்மோன்கள்தான். மாதவிடாய் நின்றபின் அது சுருங்குவதும் அதனால்தான். மார்பகப் புற்றுநோயிலும் பெரும்பாலானவை ஹார்மோனால் வளர்பவை. சீக்கிரம் பூப்பெய்துவதும் பிள்ளை பெறாததும் இரண்டுக்குமே வாய்ப்பைக் கூட்டுகின்றன. தைவானில் 2017-ல் வெளியான ஆய்வும் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் காட்டியது. வருடா வருடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
"தீனி ஒன்று" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையைப் பாருங்கள். மார்பில் ஈஸ்ட்ரோஜனை மறிக்கிறது. அதே மாத்திரை கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும், சிலருக்கு ஃபைப்ராய்டையே பெரிதாக்கும். ஒரே பொருள், இரண்டு இடத்தில் இரண்டு குணம்.

அப்புறம், அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களே? இரண்டு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடியது, 2002-ல் பாதியில் நிறுத்தினார்கள். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் கூடவில்லை. நீண்ட காலம் கழித்துப் பார்த்தால் குறைந்தே இருந்தது! தீனிக் கணக்கு இங்கே எப்படி உதவும்?

தைவான் ஆய்வு காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்தது. ஃபைப்ராய்டு பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. டாக்டரிடம் அடிக்கடி போகிறவருக்குத்தான் அது தெரியவரும், அவருக்குத்தான் மார்பகப் பரிசோதனையும் நடக்கும். தேடிய இடத்தில் கிடைக்கத்தானே செய்யும்? அமெரிக்காவில் கருப்பினப் பெண்கள் 57,000-க்கும் மேற்பட்டவர்களை 1995 முதல் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், மொத்தத்தில் தொடர்பே இல்லை.

பகல்நிலா:
அதே ஆய்வில் 30 வயதுக்கு முன்பே ஃபைப்ராய்டு கண்டவர்களுக்கு லேசாகக் கூடியிருந்ததே, அதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே ஐயா. எம்இடி12 மரபணுவையும் பாருங்கள். பெரும்பாலான ஃபைப்ராய்டுகளில் இருக்கும் மாற்றம் மார்பில் வரும் ஃபைப்ரோஅடினோமா கட்டியிலும் இருக்கிறது. இதுவும் தற்செயலா?

கணக்குப்பிள்ளை:
30 வயது விஷயம், சரி, நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். இவருக்குக் கண்டதோ 43-ல். மரபணுவில் நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். ஃபைப்ரோஅடினோமா புற்றுநோய் இல்லையே! இரண்டு சாதுக் கட்டிகள் உறவு என்றால், புற்றுநோய் எங்கிருந்து நடுவில் வந்தது? 50 வயதுக்குள் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது. அத்தனை பேரையும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தால் அப்புறம் பட்டியல் எதற்கு?

பகல்நிலா:
பயமுறுத்தச் சொல்லவில்லை. மேமோகிராம் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எடுக்கட்டும். 40 தாண்டியவர், அதற்காக எடுக்கட்டும். ஃபைப்ராய்டுக்காக என்று சொல்லாதீர்கள்.

தேன்சிட்டு:
இருவருக்கும் நன்றி. மார்பு என்றதும் ஏன் இத்தனை பயம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
அம்மா, இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா! தாய்க்கு 50 வயதுக்குள் வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதனோடு ஒப்பிட்டால் ஃபைப்ராய்டு ஒரு பொருட்டே இல்லை. பெரியம்மா, சித்தி, பாட்டி, அப்பா வழி அத்தை யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ வந்ததா என்று விசாரித்து எழுதிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

பகல்நிலா:
இதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. மேமோகிராம் எப்போது எடுத்தீர்கள் தோழி?

தேன்சிட்டு:
இதுவரை எடுத்ததில்லை. நாளைக் காலை போன் செய்கிறேன்.