கொருக்குப்பேட்டை கேட் பாட்டு: இந்தப் பசங்களை ஏன் யாருமே கவனிக்கவில்லை?

மணலி_மழை:
மூன்று வாரமாக எனக்கு ஒரே பாட்டுதான் ஓடுகிறது, வீட்டில் திட்டும் வாங்கியாகிவிட்டது. வியாசர்பாடிப் பக்கத்துப் பசங்க நாலு பேர். கிட்டார், பேஸ், டிரம்ஸ், அப்புறம் சட்டி. ஆமாம், சாவு வீட்டில் கானாவுக்கு அடிக்கிற அதே சட்டி மேளம்தான். பேண்டுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. யூடியூபில் டிரம்மருடைய சொந்த சேனலில், தங்கச்சி பிறந்தநாள் வீடியோவுக்குக் கீழே கிடக்கிறது. மொத்தம் 340 வியூஸ், அதில் ஒரு ஐம்பது நானாகத்தான் இருக்கும்.

பாட்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பதைப் பற்றி. அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கூட்ஸ் போய்விட்டது என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்து நிற்கும். டிரம்ஸ் நாலு நாலாகப் பெட்டி எண்ணிக்கொண்டே போகிறது, அதன்மேல் சட்டி கானா நடையில் மூன்று மூன்றாகத் தள்ளுகிறது, இரண்டும் பன்னிரண்டாவது தட்டு முடிந்து ஒன்றாக வந்து விழும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லாம் நின்றுபோகிறது. நாலு விநாடி, ஒன்றுமே இல்லை. அப்புறம் பேஸ் மட்டும் மெதுவாக உள்ளே வருகிறது. கேட்டைத் தூக்குகிற நொடி! இப்படி யோசிக்கிறவன் சாதாரண ஆள் இல்லை.

வடசென்னையிலிருந்து முதல் ராக் பேண்டு இதுதான் என்பேன். நான்தான் ஓவராகப் போகிறேனா? இவர்களை நாலு பேர் காதில் போட என்ன வழி?

பேசின்_பிரிட்ஜ்:
தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'முதல்' என்பதை எடுத்துவிடுங்கள். பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நம் அப்பாக்கள் காலத்திலேயே கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு கிட்டாரும் டிரம்ஸுமாக வெளுத்து வாங்கினார்கள். கானாவையும் ராக்கையும் சேர்ப்பதும் புதுசு இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது மொத்தம் 19 பேர். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அவர்களுக்குப் பின்னால் பா. இரஞ்சித் இருந்தார், கூட்டம் வந்தது. உங்கள் பசங்களுக்குப் பின்னால், வீடியோவில் பார்த்தவரை, தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

இன்னொன்று, பாடுகிற பையன் என்ன சொல்கிறான் என்றே கேட்கவில்லை. 'கேட்டு' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

தண்டையார்பேட்டை_டீ:
லிங்க் எங்கே பாஸ்? இவ்வளவு எழுதிவிட்டு அதைப் போட மறந்துவிட்டீர்களே.

சவுண்டு_சர்வீஸ்:
கோயில் விசேஷத்துக்கு மைக் செட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மொபைலைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள். சட்டியின் சத்தம் ஊசி மாதிரி, பக்கத்தில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். மொபைலைப் பாடுகிறவர் பக்கம் நகர்த்தி, கிட்டார் ஆம்ப்பில் மிட்டை, அதாவது பேஸுக்கும் டிரெபிளுக்கும் நடுவில் இருக்கிற சத்தத்தை, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். குரலும் கிட்டாரும் அந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. காசு செலவே இல்லை.

அப்புறம், ஸ்பாட்டிஃபையில் ஏற்றினால் பணம் கொட்டும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் ராயல்டி கணக்கிலேயே வரும். ஏற்றுவது நல்லதுதான், தேடினால் கிடைக்கும். ஆனால் தேடுவதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டுமே! பெயர் வைத்த கையோடு யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். 340 வியூஸில் சண்டை வராது, லட்சத்தில் வரும்.

மணலி_மழை:
பேசின் அண்ணா, 'முதல்' வாபஸ். சவுண்டு அண்ணா, மிட் விஷயத்தை டிரம்மருக்கு மெசேஜ் பண்ணிவிட்டேன். லிங்க் இதோ மேலே சேர்த்துவிட்டேன். ஆனாலும் அந்த நாலு விநாடியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே?

மாடிப்படி_72:
நான் சொல்கிறேன். அவர்கள் வாசிக்கிற மொட்டை மாடிக்குக் கீழ்வீடு எங்களுடையது. மேலேயும் கீழேயும் ஒரே லைன். அன்றைக்கு அம்மா கிரைண்டரைப் போட்டதும் மெயின் டிரிப் ஆகி, ஆம்ப் எல்லாம் செத்துவிட்டது. டிரம்ஸ் அடிக்கிற பையன் கையைத் தூக்கியபடியே நிற்கிறான், அப்பா ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டார். பேஸ்காரன் வேண்டுமென்றே ஆரம்பிக்கவில்லை, கரன்ட் வந்துவிட்டதா என்று கம்பியைத் தட்டிப் பார்த்தான். அதைப் பசங்க கேட்டுவிட்டு நல்லாயிருக்கே என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் எண்ணி நாலு விநாடி நிறுத்துகிறார்கள்.

சத்தத்துக்கு முதலில் சண்டை போட்டோம், உண்மைதான். இப்போது எட்டு மணிக்கு முடித்துவிடுகிறார்கள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாசிப்பார்கள், யார் வேண்டுமானாலும் மேலே வரலாம், டிரம்மரிடம் கேட்டால் வழி சொல்வான். அன்றைக்கு மாவு அரைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.