கிளினிக் நாளில் அப்பாவை எங்கே இறக்குவது?

வணக்கம், ஹட்டன், கொட்டகலைப் பக்கமிருந்து கண்டிக்குக் கிளினிக் போகிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். சீனி வருத்தத்தில் அப்பாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், மாதம் ஒருமுறை விடியற்காலை நாலு மணிக்கே வேனில் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவெல்லாம் தாண்டிப் போனால் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்த விடுவதில்லை. உள்ளே ஊழியர் வாகனங்களுக்கு மட்டும்தானாம். போன முறை நல்ல மழை. ஏற்றமான ரோட்டில் வீல்சேர் பின்னால் உருள உருள நான் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றேன், அப்பா கிளினிக் கொப்பி நனையாமல் சேட்டுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகளும் 2006இல் வந்துவிட்டன, ஆனால் அதை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தம்பியிடம் சொல்லி என்ன செய்ய? அவரையும் குறை சொல்ல முடியாது.

பணிப்பாளருக்கு எழுதி, வாகனத்தை உள்ளே விட அனுமதிக் கடிதம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் தரும் கடிதம் உதவுமா? சிங்களத்தில் எழுதித் தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்.