பாலைவன ஓடை: டென்ட் கரையிலா, மேட்டிலா?

கரையோரன்: பாலைவன ஓடைக்குப் பறவை பார்க்கப் போனால் நான் நீரை ஒட்டித்தான் டென்ட் போடுவேன். பறவைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் கொஞ்சம்தான். தூரத்தில் படுத்து, இருட்டில் முள்ளுக்குள் நடந்து வந்து சேர்வதற்குள் பாதி பறந்துவிடும். டென்ட் அசையாமல் கிடக்கிறது, பழகியதும் பறவைகள் கண்டுகொள்ளாது. ஜிப்பை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

மணல்மேடு: பழகினால்தானே! சாயங்காலம் டென்ட் அடிக்கிறீர்கள், மறுநாள் காலையில் பறவை வருகிறது. பழக நேரம் எங்கே? கல்கௌதாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த விதைதான் அதன் சாப்பாடு, அதனால் நீருக்காக வெகுதூரம் பறந்து வரும். வந்ததும் குடித்துவிடாது. தள்ளி இறங்கி நோட்டம் விட்டு, பிறகு ஓடிப்போய்ச் சில நொடிகளில் குடித்துவிட்டுக் கிளம்பும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை தண்ணீரில் உட்கார்ந்து, வயிற்றை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இறகை நனைக்கும். அந்த ஈரத்தைச் சுமந்துபோய்த்தான் பறக்க முடியாத குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. அதை நாம் விரட்டினால் தாகத்தில் தவிப்பது அங்கே இருக்கும் குஞ்சு.

நடைப்பயணி: அமெரிக்காவின் அரிசோனாவில் இதற்குச் சட்டமே உண்டு. விலங்குகளுக்கும் கால்நடைகளுக்கும் பக்கத்தில் வேறு நீர் இல்லாத இடத்தில், அவற்றை மறிக்கும்படி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், தங்கக் கூடாது.

கரையோரன்: ஒற்றைக் குட்டை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது நீளமாக ஓடும் ஓடை. ஒரு வளைவில் நான் இருந்தால் பறவை அடுத்த வளைவில் குடித்துக்கொள்ளும். மேட்டிலிருந்து பார்த்தால் மரத்து உச்சிதான் தெரியும், புதருக்குள் திரியும் கதிர்க்குருவி எப்படிக் கண்ணில் படும்?

மணல்மேடு: ஓடை நீளம்தான், ஆனால் கரை முழுக்க ஒரே மாதிரியா இருக்கிறது? புதர் மண்டிய இடத்தில் எதிரி பதுங்கலாம் என்று கல்கௌதாரி இறங்காது. திறந்த, சரிவான மணல்கரையைத்தான் தேடும். டென்ட் போட நம் கண்ணில் முதலில் படுவதும் அதே மணல்கரைதான். கோடையில் ஓடை அங்கங்கே குட்டையாகச் சுருங்கிவிட்டால் அந்த அடுத்த வளைவும் இருக்காது.

நடைப்பயணி: உயிர் பயமும் வேண்டும். மேலே வானம் தெளிவாக இருக்கும், எங்கோ மலையில் பெய்த மழை இரவில் வெள்ளமாக வந்து சேரும். கரையோர மரக்கிளைகளில் சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. குளிர்காற்றும் பள்ளத்தில்தான் தேங்கும். விடியும்போது டென்ட்டின் உட்பக்கமெல்லாம் ஈரம்.

கரையோரன்: வெள்ளத்தைப் பற்றி வாதாட மாட்டேன். மழைக்காலத்தில் நானும் கரையில் தங்குவதில்லை. ஆனால் மேட்டிலிருந்து நாலு பேர் டார்ச் அடித்துக்கொண்டு விடியுமுன் இறங்கி வருவது தொந்தரவு இல்லையா?

மணல்மேடு: விடியுமுன் எதற்கு இறங்க வேண்டும்? பெரும்பாலான கல்கௌதாரிகள் சூரியன் ஏறிய பிறகுதான் வருகின்றன. வெளிச்சம் வந்ததும் நடந்து வந்து, ஒரு பாறையைச் சாய்ந்து, வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். பைனாகுலரில் கழுத்துக் கோடுகூடத் தெரியும். அப்புறம், சில இனங்கள் இருட்டிய பிறகு நீருக்கு வரும். கரையில் தங்குகிறவர் அடுப்பு பற்றவைத்து, விளக்கு ஏற்றி, பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

கரையோரன்: இல்லை. அடுப்பையும் விளக்கையும் மேட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஓடை நிறைய ஓடும் மாதங்களில், புதர்ப் பக்கமாக டென்ட் போடுவதில் மட்டும் இன்னும் தப்பு தெரியவில்லை.